ஜாக் பொருத்தம்

மின்னணு டிரம்மில் அடி வாங்கும் பேடும், அந்த அடிக்குக் குரல் கொடுக்கும் ஒலிப்பெட்டியான மாட்யூலும் வெவ்வேறு நிறுவனங்களிலிருந்து வரும்போது, கேபிள் சேர்ந்துவிட்டது என்பதைக் கொண்டே சம்பந்தம் முடிந்ததாகக் கருதுவது, மணமக்களின் உயரம் ஒத்துப்போவதைக் கண்டு பத்துப் பொருத்தத்தையும் பாராமல் தாம்பூலம் மாற்றுவதற்கு ஒப்பாகும். இருபுறமும் இருப்பது அதே 6.35 மி.மீ. ஸ்டீரியோ ஜாக்தான், அதன் வழியே செல்லும் பேச்சுதான் வேறு. ரோலண்டின் வலைத்தோல் ஸ்னேர் பேடுகள் பலவற்றில் தோலுக்கு ஒன்று, விளிம்புக்கு ஒன்று என இரண்டு பீசோக்கள், அதாவது அதிர்வை மின்னழுத்தமாக்கும் வில்லைகள், இருக்க, யமஹாவின் மூன்று மண்டலப் பேடுகளிலோ ஒரு பீசோவும் விளிம்பில் ஸ்விட்சுகளும் இருப்பதால், மாட்யூல் மாறினால் நடுப்பகுதி முழங்கும், விளிம்பு மௌன விரதம் பூணக்கூடும். ஹை-ஹேட் மிதியின் நிலைமை இன்னும் பரிதாபம்: காலின் அழுத்தத்தைப் பெரும்பாலும் மின்தடையின் மாற்றமாகவே அது தெரிவிப்பதால், அந்தக் கணக்கு புரியாத மாட்யூல் மூடியதைத் திறந்ததென்றும் திறந்ததை மூடியதென்றும் சாதிக்கும். இத்தனைக்கும் இசைக்கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள மிடி என்னும் பொதுமொழி 1983-லேயே வந்துவிட்டது. ஆனால் அது மாட்யூலின் பின்வாசலில்தான் தொடங்குகிறது, பேடிலிருந்து மாட்யூல் வரையுள்ள அந்தச் சிறு கேபிளுக்குள் நுழைவதில்லை.