ஆயில் கூலர் ஆசாமி

மந்தைவெளியில் தொடங்கி அடையாறு வரை, ஏதாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் பார்க்கிங்கில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு இவரைப் பார்க்கலாம். முழங்காலுக்குக் கீழே மட்டும்தான். மீதி உடம்பு காருக்கு அடியில் இருக்கும். பக்கத்தில் ஒரு ஜாக்கி, பழைய வேட்டியைக் கிழித்த துணி, மாவு கரைக்கும் பேசின் ஒன்று. பேசினில் இருப்பது மாவல்ல என்பது வீட்டில் இன்னும் தெரியாது.

வயது நாற்பதை ஒட்டி. ஆடிட்டராக இருப்பார், இல்லையென்றால் ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனி. வண்டி, 2000-களின் தொடக்கத்தில் வந்த ஹோண்டா சிட்டி விடெக். 1.5 லிட்டர் இன்ஜின், 106 குதிரைத்திறன். ஊரார் கண்ணுக்கு அது டிக்கி வைத்த குடும்பக் கார். அவர் வாயில் ஸ்போர்ட்ஸ் கார். இன்னும் கொஞ்சம் வசதி இருந்தால் ஆக்டேவியா விஆர்எஸ் வைத்திருப்பார். வண்டி மாறலாம், வியாதி ஒன்றுதான்.

வியாதி தொற்றிய இடம் இருங்காட்டுக்கோட்டை. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல காலம் பந்தயம் நடத்திவிட்டு, 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சொந்தமாக ஒரு தடம் போட்டது. நீளம் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஃபார்முலா ஒன் வரை போன கருண் சந்தோக்கின் தாத்தா இந்து சந்தோக், அந்தக் கிளப்பை நிறுவியவர்களில் ஒருவர். நம்மவரின் தாத்தா கச்சேரி ரோட்டில் சைக்கிள் மிதித்தவர். பரவாயில்லை. பணம் கட்டினால் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்ட ‘ட்ராக் டே’ என்று ஒரு நாள் கிடைக்கிறதே! அப்படி ஒரு நாள் போனவர், யாரோ மாட்டிக்கொடுத்த மீட்டரில் ஆயில் வெப்பம் 130 டிகிரியைத் தாண்டியதைப் பார்த்தார். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

பயத்தில் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லிவிட வேண்டும். பனகல் பார்க் நெரிசலில் இன்ஜின் 2,000 சுற்றுக்கு மேல் போக வேலையே இல்லை. பந்தயத் தடத்திலோ 6,000-க்குக் குறையாமல் கதறும். ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டரைச் சுற்றித்தான் ஓடும். பிஸ்டனின் அடிப்பக்கத்துக்கும் கிராங்க் பேரிங்குக்கும் ஆயில் மட்டுமே போகும். உயவும் அதுதான், குளிர்ச்சியும் அதுதான். 5டபிள்யூ-40 என்று டப்பாவில் போட்டிருக்கிறதே, அந்த 40 என்பது 100 டிகிரியில் அளந்த கெட்டித்தன்மையைக் குறிக்கும். 130-ல் அதே ஆயில் இன்னும் நீர்த்துப்போகும், அழுத்தம் இறங்கும், உலோகத்தோடு உலோகம் உரசும். டேஷ்போர்டில் தண்ணீர் முள் மட்டும் நடுவில் நிம்மதியாக நின்றுகொண்டிருக்கும்.

இதற்கு மருந்து ஆயிலை ஆற வைக்கும் ஆயில் கூலர் என்று முடிவு செய்து, இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினார்.

“ஆக மொத்தம் எண்ணெயை ஆற வைக்கணுங்கறே?”

“ஆமாம்மா.”

“நாங்கள்ளாம் எண்ணெயைக் காய வைக்கத்தான் படிச்சிருக்கோம். போய்க் குளி.”

அம்மாவிடம் தோற்றவர் போர்ஷே சரித்திரத்தை எடுத்துக்கொண்டு நண்பர்களிடம் போவார். போர்ஷே 911 காரில் 1998 வரை தண்ணீரே கிடையாது, காற்றும் ஆயிலும்தான் என்பார். உண்மைதான். 1972 மாடலில் ஆயில் ஊற்றும் மூடியைக் காரின் வெளிப்பக்கத்தில் வைத்தார்களாம். பங்க்கில் அதில் பெட்ரோலை ஊற்றியதால் மறு வருஷமே எடுத்துவிட்டார்கள் என்றொரு கதை உண்டு. அந்தக் கதையை அவர் சொல்லிக் கேட்காத நண்பர் யாரும் இல்லை.

லஸ் சிக்னலில் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பக்கத்தில் வந்து நின்றால் நம்மவர் முகம் வாடும். அதற்குக் கம்பெனியிலேயே ஆயில் கூலர் வைத்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் ஊரறியக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டுகிற பையனுக்கு அது இருப்பதே தெரியாது.

சாமான் வாங்கும் படலம் தனி. ஜி.பி. ரோடு முழுக்க அலைந்து, புதுப்பேட்டைக்குள் நுழைந்தார்.

“ஆயில் கூலர் இருக்கா?”

“பல்சருக்கா சார்? டூ ட்வென்டியா?”

“காருக்கு.”

“காருக்கு ரேடியேட்டர் இருக்குது சார். எதுக்கு இது?”

எதற்கு என்று அங்கேயும் விளக்கினார். டீ வந்தது, கூலர் வரவில்லை. கடைசியில் ஸ்வீடனின் செட்ராப் கம்பெனிக் கூலர் ஒன்று, ஊருக்கு வந்த மைத்துனரின் பெட்டியில் ஊறுகாய்க்குப் பதில் உட்கார்ந்து வந்தது. 13 வரிசையா 19 வரிசையா என்று முடிவெடுக்க மட்டும் ஒரு மாதம். பெரிதாக வாங்கினால் ஆயில் தேவையான சூட்டுக்கே வராது. வராவிட்டால் உள்ளே படியும் ஈரம் ஆவியாகாது. ஆகவே ஆயில் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே வைக்கும் ‘சாண்ட்விச் பிளேட்’டில் தெர்மோஸ்டாட் வேண்டும். சுமார் 80 டிகிரி வரை அது கூலர் பக்கம் ஆயிலைத் தாராளமாக விடாது. சென்னையில் ஒரு பொருள் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடுமோ என்று கவலைப்படும் ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார்.

மாட்டும் வேலை நான்கு ஞாயிறு நடந்தது. ஹோஸ் எங்கும் உரசக் கூடாது, கூலரில் காற்று தங்கக் கூடாது, ஓரிங் மடியக் கூடாது. எல்லாம் சரி. முதல் தடவை இன்ஜினை ஓடவிடாமல் சுழற்றி மட்டும் ஆயிலை ஏற்ற வேண்டும் என்பதால் ஃப்யூவல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டுச் சாவியைத் திருப்பினார். கர்... கர்... கர். வாட்ச்மேன் ஓடி வந்தார்.

“ஸ்டார்ட் ஆவலியா சார்? தள்ளட்டுமா?”

“வேண்டாம்பா. ஸ்டார்ட் ஆகக் கூடாது.”

வாட்ச்மேன் இதைச் செக்ரட்டரியிடம் அப்படியே சொன்னார். செக்ரட்டரி இறங்கி வந்தபோது தரையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஆயில். சாயங்காலத்துக்குள் அது படமாகி, அசோசியேஷன் வாட்ஸாப்பில் ‘யாருடையது?’ என்ற ஒற்றைக் கேள்வியோடு ஏறிவிட்டது.

சொட்டுக்கு இவ்வளவு ரகளையா என்று கேட்கலாம். தடத்தில் ஒரு ஹோஸ் கழன்றால் சொட்டு நிற்காது, மொத்த ஆயிலும் தார் மேல் கொட்டும். மஞ்சளில் சிவப்புப் பட்டை போட்ட கொடியை ஆட்டுவார்கள். சுத்தம் செய்யும்வரை எல்லோருடைய ஓட்டமும் கெடும். வீட்டிலேயே வேலை பார்க்கிறவரைக் கிளாம்ப்பை இரண்டு முறை பார்க்கச் சொல்வது அதனால்தான். நம்மவர் இருபது முறை பார்ப்பார். மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட தெருக்களில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் இறங்கிக் குனிந்து பார்த்தால் கணக்கு சரியாகும்.

ட்ராக் டே அன்று நான்கு சுற்று ஓட்டினார். மீட்டர் 112 காட்டியது. அதைப் படம் பிடித்தார். அப்புறம் சபாவில் டிக்கெட் வாங்கிவிட்டுக் கேன்டீனிலேயே உட்கார்ந்துவிடும் மயிலாப்பூர் ரசிகர் மாதிரி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை வருவோர் போவோருக்கெல்லாம் கூலரைக் காட்டினார். நான்கு சுற்றுக்கு ஒரு மீட்டர், நல்ல சிந்தெடிக் ஆயில், கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிடும் பொறுமை, இவ்வளவே போதும். அது அவருக்கும் தெரியும்.

இப்போது ஆயில் பிரச்சினை தீர்ந்துவிட்டது. பிரேக் ஆயில் கொதிக்குமாம். டாட் 4 புதிதாக ஊற்றும்போது குறைந்தது 230 டிகிரி தாங்கும், ஈரம் சேர்ந்தால் 155 வரை இறங்கிவிடும் என்று போன வாரமே பேச ஆரம்பித்துவிட்டார். அந்தப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் பார்க்கிங் தரையையும் ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கவும்.