கல்லாவுக்கு முன்னால் கணக்கு நோட்டு

(இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சிறுதொழில் பற்றியவை. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன்.)

ஹைதராபாத் தார்நாகாவில் இட்லி மாவு வியாபாரம் ஆரம்பிக்கப் போகிறேன். முதலில் பெரிய கிரைண்டர் வாங்கட்டுமா, கடை பார்க்கட்டுமா?
– வாசகி, தார்நாகா

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள் அம்மா. கடை, கிரைண்டர் எல்லாம் அந்த நோட்டு அனுமதி கொடுத்த பிறகு.

ஒரு கிலோ மாவை 60 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். அரிசி, உளுந்து 28, கவர் 3, கரன்ட்டும் தண்ணீரும் 4, வாங்கி விற்கும் மளிகைக் கடைக்காரருக்கு 9, புளித்துத் திரும்பி வரும் பாக்கெட்டுகளின் நஷ்டம் 5. ஆக 49 போய்விட்டது, கையில் 11. ஒரு நாளைக்கு 100 பாக்கெட் ஓடினால் 1,100 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கடை வாடகை மாதம் 15,000 என்றால் நாளுக்கு 500. உதவிக்கு ஒரு ஆள், இன்னொரு 500. விடியற்காலையில் எழுந்து அரைக்கிற உங்களுக்கு மிஞ்சுவது 100 ரூபாய்! இதே 100 பாக்கெட்டை வீட்டிலிருந்தே அரைத்து, அக்கம்பக்கத்து அபார்ட்மென்ட்களுக்கு நேராகக் கொடுத்தால் வாடகையும் இல்லை, கடைக்காரர் பங்கும் இல்லை. எண்களை உங்கள் தெரு விலைக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். எது உங்களுக்கு ஒத்துவரும் என்று அந்தப் பக்கமே சொல்லிவிடும்.

இன்னொன்று. முதல் பாக்கெட்டைத் தெரிந்தவர்கள் முகத்துக்காக வாங்குவார்கள். மூன்றாவது வாரமும் காசு கொடுத்துக் கேட்கிறவர்தான் வாடிக்கையாளர். அவர்களை மட்டும் எண்ணுங்கள்.

தெலுங்கு வீடுகளில் நம் மாவு எடுபடுமா?
– வாசகர், சீதாபல்மண்டி

தோசைக்கு எடுபடும். இட்லிக்கு யோசிக்க வேண்டும். நாம் புழுங்கலரிசியை ஊறவைத்து அரைக்கிறோம்; இங்கே பெரும்பாலான வீடுகளில் உளுந்தை மட்டும் அரைத்து, இட்லி ரவ்வாவைக் கழுவிப் பிழிந்து கலக்கிறார்கள். அந்தக் கொரகொரப்பான பதம் பழகிய நாக்குக்கு நம் பஞ்சு இட்லி கொஞ்சம் குழைவாகத் தோன்றும். எங்கள் ஊர் இட்லிதான் உசத்தி என்று வாதாடாமல் இரண்டு பாக்கெட் போடுங்கள்: தோசைக்கு ஒன்று, ரவ்வா இட்லிக்கு ஒன்று. உஸ்மானியா பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள விடுதி சமையலறைகளில் எது வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஹைதராபாத் வெயிலுக்குக் காலையில் கட்டிய பாக்கெட் மத்தியானத்துக்குள் பலூன் மாதிரி உப்பிவிடும். கிரைண்டரை விடப் பெரிய செலவு ஃப்ரிட்ஜ்தான் என்று இப்போதே எழுதி வையுங்கள்.

சென்னையில் இருக்கும் என் மைத்துனர், 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவே வேண்டாம் என்கிறாரே?
– வாசகர், ஹப்சிகுடா

மைத்துனர் சொல்வது சென்னைக்குச் சரி. பொருள் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் வரம்பு 40 லட்சமாக உயர்ந்திருக்கிறது. தெலங்கானா அந்த உயர்வை ஏற்காத மாநிலங்களில் ஒன்று, இங்கே 20 லட்சம். அது மட்டுமல்ல. தார்நாகாவிலிருந்து பருப்புப் பொடியைக் கூரியரில் மயிலாப்பூருக்கு விற்றால் அது மாநிலம் கடந்த விற்பனை; வரி உள்ள பொருளாக இருந்தால் வரம்பெல்லாம் கிடையாது, பதிவு வேண்டும். மைத்துனருக்கே பொடி விற்கிற எண்ணம் இருந்தால் இதை அவரிடமும் சொல்லிவையுங்கள்.

நல்ல நாள் பார்த்துத் தொடங்கலாமா?
– வாசகி, பத்மாராவ் நகர்

தாராளமாக. ஸ்கந்தகிரி முருகனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வேறெங்கே போவது? உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் கைக்கு வந்த பிறகு வரும் நல்ல நாளாகப் பாருங்கள், அவ்வளவுதான். 14 இலக்க எண் அது; பாக்கெட்டில் அச்சிட வேண்டும். 2011 விதிகளின்படி 12 லட்சம் வரை விற்றுமுதல் உள்ளவர்களுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். விதிகள் மாறும், விண்ணப்பிக்கும் நாளில் வரம்பைச் சரிபாருங்கள். பாக்கெட்டில் அதிகபட்ச விலை, நிகர எடை, தயாரித்த மாதம், உங்கள் முகவரி எல்லாம் வேண்டும். தராசுக்கு எடையளவுத் துறை முத்திரை வேண்டும். கடை என்று போட்டுவிட்டால் மாநகராட்சியின் வணிக உரிமம். அதன் கட்டணம் கடையின் சதுர அடியோடு சாலை அகலத்தையும் பொறுத்தது. மெயின் ரோட்டுக் கடைக்கு வாடகை மட்டும்தான் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கடன் வாங்கலாமா?
– வாசகர், மெட்டுகுடா

வாங்கலாம், நோட்டில் மூன்று மாதக் கணக்கு நிரம்பிய பிறகு. 2015 ஏப்ரலில் தொடங்கிய முத்ரா திட்டத்தில் ‘சிசு’ பிரிவில் 50,000 வரை, ‘கிஷோர்’ பிரிவில் 5 லட்சம் வரை, ‘தருண்’ பிரிவில் 10 லட்சம் வரை ஈடு இல்லாமல் கிடைக்கும். தருணை ஒழுங்காகக் கட்டி முடித்தவருக்கு 20 லட்சம் வரை. சிசுவில் ஆரம்பிப்பதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. மனைவியின் நகையை மட்டும் தொடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தார்நாகாவில் இருப்பதால் தனியாக ஏதாவது அனுகூலம் உண்டா?
– வாசகி, தார்நாகா

உண்டு, அதுவும் நம் ஊரிலிருந்து வந்தது! உங்கள் பேட்டையில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் நீலகிரியில், குன்னூரில், ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவரின் பெரிபெரி நோய் ஆராய்ச்சியாகத் தொடங்கியது. 1958இல்தான் ஹைதராபாத் வந்தது. 2017இல் அவர்கள் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருள்களின் சத்து விவரம் இருக்கிறது. கேழ்வரகுப் பொடியோ கம்பு மாவோ போடுகிறவர்கள் பாக்கெட்டில் என்ன எழுதலாம் என்று கணக்கிட அதுதான் முதல் துணை. சிறுதானியம் என்றால் ராஜேந்திரநகரில் இந்தியச் சிறுதானிய ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது; புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கென்றே ‘நியூட்ரிஹப்’ என்ற பிரிவு நடத்துகிறார்கள். ஆனால் ‘சர்க்கரை நோயைக் குணமாக்கும்’ என்று மட்டும் பாக்கெட்டில் அச்சடிக்காதீர்கள். சட்டமும் விடாது. நம்பி மாத்திரையை நிறுத்திவிடும் ஒரு பெரியவரை நினைத்துப் பாருங்கள்.

வியாபாரம் ரத்தத்திலேயே ஊறியிருக்க வேண்டும் என்கிறார்களே? எங்கள் வீட்டில் எல்லோரும் ரயில்வே உத்தியோகம்.
– வாசகர், லாலாகுடா

இந்தக் கேள்விக்கு ஹைதராபாத்திலேயே சோதனை செய்து பதில் கண்டிருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலாண்ட் 1960களின் நடுவில், காக்கிநாடாவின் சிறு வியாபாரிகளை இங்கிருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்கு வரவழைத்தார். தனக்கென்று இலக்கு வைப்பது, அதை அளந்து பார்ப்பது, தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் துணிவது என்று பயிற்சி. பிறகு பார்த்தால், பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் புதுத் தொழிலில் இறங்கினார்கள், முதலீடு செய்தார்கள், ஆள் சேர்த்தார்கள். பழைய நம்பிக்கைகளும் வழக்கங்களும் அவர்களுக்குத் தடையாக இல்லை என்றும் தெரிந்தது. அந்த விவரமெல்லாம் 1969இல் புத்தகமாக வந்தது. ஆகவே ரத்தத்தை விடுங்கள் தம்பி. அந்த நிறுவனம் இன்று சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான தேசிய நிறுவனம் என்ற பெயரில் யூசுப்குடாவில் இயங்குகிறது. தார்நாகாவில் நீலவழி மெட்ரோ ஏறினால் மாறாமல் யூசுப்குடாவில் இறங்கலாம். ஒரு நாள் போய், என்னென்ன பயிற்சி நடக்கிறது என்று விசாரித்து வாருங்கள்.

மாவு அரைப்பது அம்மா, பொடி இடிப்பது அம்மா. அவருக்குச் சம்பளம் எழுத வேண்டுமா?
– வாசகி, நாச்சாரம்

கட்டாயம் எழுத வேண்டும், அதுவும் முதல் வரியில். அம்மா உழைப்புக்கு விலை போடாத கணக்கில் எல்லாத் தொழிலும் லாபமாகத்தான் தெரியும். நாளைக்கு அவருக்கு முழங்கால் வலி வந்து ஆள் வைக்கும்போதுதான் உண்மை விலை வெளியே வரும். ஆள் வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அதை எழுதி, அந்தத் தொகையை அம்மா பெயரில் வங்கிக் கணக்கில் போடுங்கள். பெண்கள் நடத்தும் தொழில் என்பதால், பெண் தொழில்முனைவோருக்காக மாநில அரசு 2018இல் தொடங்கிய ‘வீ ஹப்’பிலும் வழி கேட்கலாம்.

உத்யம் பதிவு வாங்கித் தருகிறேன், 2,500 ரூபாய் ஆகும் என்று ஒருவர் போன் செய்கிறார்.
– வாசகர், தார்நாகா

போனை வையுங்கள். 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சிறுதொழில் பதிவு முழுக்க இலவசம். ஆதார், பான் இரண்டும் இருந்தால் அரசுத் தளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். வீட்டில் கல்லூரி போகிற பிள்ளை இருந்தால் உட்காரவைத்துப் போடச் சொல்லுங்கள். அந்த 2,500க்கு உளுந்து வாங்குங்கள்.

தொழில் தொடங்கிவிட்ட வாசகர்கள் உங்கள் நோட்டின் முதல் மாதப் பக்கத்தைப் படி எடுத்து அனுப்புங்கள். பெயர் போடாமல், என்ன விலை, என்ன மிச்சம் என்பதை மட்டும் அடுத்த இதழில் வெளியிடுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.