நூல்விளிம்பு அழுக்கின் மகத்துவம்

தொழில்நுட்ப நூல்களை அச்சுப் பிரதியாக வாங்குவதா, மின்னூலாக வாங்குவதா என்ற விவகாரத்தில், கனம், விலை, கண்ணெரிச்சல், அலமாரியில் இடம் ஆகிய அற்ப விஷயங்களைப் பற்றியே வாதிப்போர் வாதித்துக்கொண்டிருக்க, இவ்விரண்டுக்கும் உள்ள மூலாதார வேற்றுமையாகிய அழுக்கைப் பற்றி அறிஞருலகம் இதுகாறும் மௌனம் சாதித்து வருவது வியப்புக்குரியது. அக்குறையை நீக்குவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

அழுக்கென்று நாம் குறிப்பது, புத்தகத்தை மூடிவைத்துப் பக்கவாட்டில் பார்க்குங்கால் தாள்களின் வெளியோரத்தில் சில இடங்களில் மட்டும் கறுத்துத் தெரியும் பட்டையை. இதன் உபாதான காரணம் கட்டைவிரல் வியர்வை. துணை நிற்பவை இடத்துக்கேற்ப மாறும்: பட்டறையில் கிரீஸ், ஆய்வுக்கூடத்தில் பென்சில் கரி, நிரல் எழுதுவோரிடத்தில் காப்பியும் மிக்சர் எண்ணெயும். நிமித்த காரணம், அந்தப் பக்கத்தில் உள்ளது மறந்து மறந்து போவதே.

இவ்வழுக்கு விஞ்ஞானத்துக்குச் செய்துள்ள உபகாரம் சாமானியமானதன்று. 1881ஆம் ஆண்டில் அமெரிக்க வானியலார் சைமன் நியூகோம், மடக்கை அட்டவணைப் புத்தகங்களில் முன்பக்கங்கள் பின்பக்கங்களைவிட விரைவில் நைந்துபோவதைக் கண்டார். நம்மைப் போன்றோர் கண்டிருந்தால், முன்னால் உபயோகித்தவனை வைதுவிட்டுக் கை கழுவப் போயிருப்போம். அவரோ, முன்பக்கங்களில் இடம்பெறும், 1 என்ற இலக்கத்தில் தொடங்கும் எண்களையே மனிதர் அதிகம் தேட நேர்கிறதென்று அனுமானித்து, அதற்குக் கணக்கும் சொல்லி, இரண்டே பக்கத்தில் கட்டுரையை முடித்துக்கொண்டார். 1938-ல் ஃபிராங்க் பென்ஃபோர்டு என்ற பௌதிகர், நதிப் படுகைகளின் பரப்பு முதலாக இருபதாயிரத்துக்கு மேற்பட்ட எண்களைத் திரட்டி அதையே மீண்டும் நிலைநாட்டினார்: முதல் இலக்கம் 1 ஆக இருப்பது நூற்றுக்கு 30 தடவை, 9 ஆக இருப்பது ஐந்து தடவைகூட இல்லை. பொய்க் கணக்கைக் கண்டுபிடிக்கத் தணிக்கையாளர் இன்று கையாளும் இவ்விதிக்குப் பென்ஃபோர்டின் பெயரே நிலைத்தது. அழுக்கைப் பார்த்தவருக்குப் பெயர் கிட்டாமற் போவது உலக வழக்கந்தானே.

நியூகோமின் கையில் மடக்கை அட்டவணை மின்னூலாக இருந்திருக்குமாயின் என்ன ஆகியிருக்கும்? கண்ணாடித் திரையில் விரல் ரேகை முதற்பக்கத்துக்கும் ஆயிரமாவது பக்கத்துக்கும் ஒரே இடத்தில்தான் விழுகிறது. வேட்டி நுனியால் துடைத்தால் அதுவும் போய்விடுகிறது. (அக்கருவி கையிலிருந்தால் மடக்கையே வேண்டாமே என்று கேட்பவர் ஆராய்ச்சிக்கு லாயக்கற்றவர்.)

தேடற்பெட்டியில் சொல்லைத் தட்டினால் மின்னூல் க்ஷணத்தில் பக்கத்தைக் காட்டுமே என்பர் பூர்வபக்ஷிகள். காட்டும், சொல் தெரிந்திருந்தால். தொழில்நுட்ப நூலைத் தேடி எடுப்பவனுக்கோ அச்சொல்தான் மறந்திருக்கும். இடப்பக்கத்தில், கீழே, ஒரு படத்துக்கு அடுத்தாற்போல் என்பது மட்டும் நினைவில் நிற்கும். அச்சுநூலில் விரல் கறுப்புப் பட்டையைத் தானே நாடிச் செல்கிறது. மின்னூலில் எழுத்தின் அளவைக் கூட்டிய மாத்திரத்தில் கீழிருந்தது மேலே போய்விடுகிறது. பைத்தான் நிரலாயின், வரி எவ்வளவு உள்தள்ளி நிற்கிறது என்பதே அம்மொழியின் இலக்கணமாதலால், சிறிய திரை வரியை மடக்கிப் போட்டதும் பொருளும் மடங்கிவிடுகிறது. பிடிஎஃப் இக்குற்றத்துக்கு ஆளாகாது என்பது மெய்; ஆனால் கைப்பேசியில் அதைப் படிப்பதற்குப் பூதக்கண்ணாடியின் பொறுமை வேண்டும்.

கிண்டில் என்ற மின்னூல் கருவியில் பலர் கோடிட்ட வரிகள் தெரிகின்றனவே, அதுவும் ஒருவகை அழுக்கன்றோ என்பது பூர்வபக்ஷிகளின் அடுத்த ஆட்சேபம். 2014-ல் ஜோர்டன் எல்லன்பர்க் என்ற கணிதப் பேராசிரியர், மிகப் பலர் கோடிட்ட ஐந்து இடங்களின் பக்க எண்களைச் சராசரி எடுத்து, ஒரு நூலை ஜனங்கள் எவ்வளவு தூரம் படித்தனர் என்று விளையாட்டாக அளந்ததும், தாமஸ் பிக்கெட்டியின் பெரும் பொருளாதார நூலுக்கு 2.4 சதவீதமே தேறியதும் நாம் அறியாததன்று. எனினும் கோடிடுதல் புத்திபூர்வமான செயல்; தனக்குப் பிடித்ததற்கோ, பிடித்திருக்க வேண்டியதற்கோதான் ஒருவன் கோடிடுகிறான். அழுக்கோ அவனை அறியாமல் படிவது. அவனுக்குத் தேவைப்பட்டதை மட்டும் சொல்வது. நூறு தடவை புரட்டிப் பார்த்த போல்ட்டு அளவு அட்டவணைக்கு எவரும் கோடிட்டதில்லை. ஆகவே பிரமாணம் என்ற வகையில் கோட்டினும் அழுக்கே வலியது.

ஆயினும் பிரயாணத்துக்கும், ஆறு மாதத்தில் மாறிப்போகும் மென்பொருள் கையேடுகளுக்கும் மின்னூலே உசிதம். அவற்றில் அழுக்கு சேர அவகாசமே இல்லை.

நூல்நிலைய அதிகாரிகள், பழம்பிரதிகளைப் பைண்டிங்குக்கு அனுப்புங்கால் ஓரத்தை வெட்டலாகாதென்று எழுத்து மூலம் உத்தரவிடுவார்களாக. பழைய புத்தகக் கடைக்காரர் எவரேனும் உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்து வெளுப்பாக்குவாராயின், அதை இன்றே கைவிட வேண்டுகிறோம். அழுக்குள்ள பிரதிக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் நமக்கு ஆட்சேபமில்லை.