எடுக்க வராத படங்களின் இயக்கவியல்: சூளூர்பேட்டை பிரேம் கடையை முன்வைத்து ஓர் ஆய்வு

ராக்கெட் ஏவும் இடங்களைப் பற்றிப் பல நாடுகளில் பல நூல்கள் வந்துவிட்டன. ஏவிய ராக்கெட்டின் படத்துக்கு அடுத்த வாரமே கண்ணாடி போட்டுக் கொடுக்கிற ஊரைப் பற்றி ஒரு சிறு பிரசுரமாவது வந்ததாக எம் கவனத்துக்கு எட்டவில்லை. இந்த ஓட்டையை அடைக்க எமக்குத் தகுதி உண்டா என்று கேட்டவர்கள் எம் வீட்டாரைத் தவிர வேறு யாருமில்லை. எனவே ஆய்வு தொடங்கப்பட்டது.

களம் சூளூர்பேட்டை. சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில், காளங்கி ஆற்றை ஒட்டி இருக்கிறது. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி, இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம்கூட நகராமல், நெல்லூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தது. கிழக்கே பழவேற்காடு ஏரியின் நடுவே போகும் சாலையில் சென்றால், ‘ஷார்’ என்று சொல்லப்படும் ராக்கெட் ஏவுதளம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டா, மேற்கே காளஹஸ்தி. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, சண்டையில் இரண்டும் என்று வாழ்கிறவர்கள் இங்கே நிறைய. ஆய்வுக்கு உட்பட்ட பிரேம் கடை பஜாரில் இருக்கிறது. பெயர் சொல்லாமல் விடுகிறோம். போர்டிலும் பாதிதான் மிச்சம் இருக்கிறது.

கருதுகோளை முதலிலேயே வைத்துவிடலாம். ஒரு படத்தைக் கொடுக்கும்போது காட்டப்படும் அவசரமும், அதை எடுக்க வருவதற்கு ஆகும் காலமும் நேர்விகிதத்தில் இருக்கின்றன. “அண்ணா, சாயங்காலம் கண்டிப்பா வேணும், கெஸ்ட் வராங்க” என்று கல்லாவைத் தட்டியவர் அடுத்த சங்கராந்திக்குத்தான் தென்படுகிறார். “ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா குடுங்க” என்றவர் மறுநாள் கடை திறக்கும் முன்பே ஷட்டருக்கு எதிரில் நிற்கிறார். இதற்குப் புள்ளிவிவரம் கேட்பார்கள். ரசீதுப் புத்தகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் வாடிக்கையாளர் பெயர்கள் ‘பச்சைச் சட்டை’, ‘ஷார் சார்’, ‘போன வாரம் வந்த அம்மா’ என்று பதிவாகியிருப்பதால் கணினியில் ஏற்றுவதில் சிக்கல் உள்ளது.

தாமதம் என்பதை இந்த ஊரில் சரியாக அளக்க முடியும் என்பது களத்தின் தனிச்சிறப்பு. சந்திரயான்-2, 2019 ஜூலை 15 அதிகாலையில் கிளம்பியிருக்க வேண்டும். 56 நிமிடம் இருக்கும்போது கவுண்ட்டவுன் நிறுத்தப்பட்டது. கோளாறு சரிசெய்யப்பட்டு ஜூலை 22-ஆம் தேதி கிளம்பிவிட்டது. ஆக, நிலவுக்குப் போகவேண்டிய பொருளே ஒரே வாரத்தில் சரியாகிக் கிளம்பிய ஊரில், கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் போகவேண்டிய கல்யாணப் படம் கிளம்பவில்லை. இஸ்ரோவாவது தள்ளிவைத்தால் அறிவிக்கிறது.

ராக்கெட் படம் என்றதும் ஒரு வடிவச் சிக்கலையும் பதிவு செய்ய வேண்டும். பி.எஸ்.எல்.வி.யின் உயரம் 44.4 மீட்டர், விட்டம் 2.8 மீட்டர். கிட்டத்தட்ட பதினாறுக்கு ஒன்று. இந்த விகிதம் பிசகாமல் பிரேம் போட்டால், மூன்று அங்குல அகலத்துக்கு நான்கடி உயரம் வேண்டும். அது படமாக இருக்காது, தாழ்ப்பாளாக இருக்கும். ஷாரில் ஓய்வுபெறுகிறவருக்கு நண்பர்கள் கொடுக்கும் நினைவுப் பரிசு தாழ்ப்பாள் போல இருப்பது நன்றாக இல்லை. இந்த இக்கட்டிலிருந்து பிரேம் தொழிலைக் காப்பாற்றியது புகை. கீழே இரண்டு பக்கமும் பரவும் புகையைச் சேர்த்தால்தான் ராக்கெட் 12-க்கு 18-இல் அடங்குகிறது. எரிபொருள் ஆய்வாளர்கள் புகையைக் குறைக்க முயலும்போது இதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

இனி கணிதம். பிரேமுக்கான மோல்டிங் சட்டம் ஏறக்குறைய ஒன்பதரை அடி நீளத்தில் வருகிறது. மரம் போய் இப்போது பெரும்பாலும் சிந்தெட்டிக். நான்கு மூலையிலும் நாற்பத்தைந்து டிகிரியில் வெட்ட வேண்டியிருப்பதால், ஒவ்வொரு துண்டுக்கும் மோல்டிங்கின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு கூடுதலாகச் செலவாகிறது. நான்கு துண்டுக்கு எட்டு மடங்கு. ஓர் அங்குல மோல்டிங்கில் 12-க்கு 18 படம் என்றால் சுற்றளவு 60, அதோடு 8, ஆக 68 அங்குலம். ஒன்பதரை அடி என்பது 114 அங்குலம். மீதி 46. இந்த 46-ஐ வைத்து என்ன செய்வது? 8-க்கு 10 படத்துக்குச் சுற்றளவு 36, அதோடு 8, மொத்தம் 44. மிஞ்சிய இரண்டு அங்குலம் ரம்பத்தூளுக்கும் கைப்பிசகுக்கும். கடையில் தொங்கும் சின்னப் பிள்ளையார்கள் ஏன் எல்லாரும் எட்டுக்குப் பத்தாகவே இருக்கிறார்கள் என்பதற்குச் சமய அறிஞர்கள் ஆழமான காரணம் ஏதேனும் வைத்திருக்கக்கூடும். எம் முடிபு, மீந்த மோல்டிங். பெரிய படத்துக்குச் சொந்தக்காரர் வந்தாலும் வராவிட்டாலும் பிள்ளையார் விற்றுவிடுகிறார். கடை வாடகை அவர் கொடுப்பது.

சாமி படங்கள் இந்த ஆய்வில் தனிக் கவனத்துக்கு உரியவை. 1894-இல் ராஜா ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அதன்பின் லட்சுமியும் சரஸ்வதியும் மலிவு விலை அச்சுப்படங்களாக வீடுகளுக்குள் நுழைந்தார்கள். பிறகு கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சில் காலண்டர் காலண்டராகப் பெருகின. காகிதத் தெய்வத்துக்கு எண்ணெய்ப் புகை ஆகாது, குங்குமம் வைத்தால் கறை, ஊதுபத்தி பட்டால் ஓட்டை. எனவே கண்ணாடி. திருமலையில் கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதி இல்லாததால் வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கும் ஏழுமலையான் பெரும்பாலும் ஓவியர் கைவண்ணமே. இத்தனை கண்ணாடி விற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் சூளூர்பேட்டையில் ஒரு தத்துவச் சிக்கல் உண்டு. காளங்கிக் கரையில் இருக்கும் செங்காளம்மன் கோயிலுக்குக் கதவு கிடையாது. தனக்கும் பக்தருக்கும் நடுவே கதவு கூடாது என்று அம்மனே சொன்னதாக ஐதீகம். ராக்கெட் ஏவுமுன் இஸ்ரோ தலைவர்களும் வந்து கும்பிட்டுப் போகிற அம்மன். இராத்திரியிலும் திறந்தே இருப்பவளுக்கு, பஜாருக்கு வந்ததும் இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி போட்டு, நான்கு பக்கமும் ஆணி அடித்து, பின்னால் பிரவுன் டேப்பும் ஒட்டிவிடுகிறோம். இது ஆகம விரோதமா என்று கடைக்காரரிடம் கேட்டோம். “தூசி விழுமே சார்” என்றார். இதைவிடத் தெளிவான விடை எமக்குக் கிடைக்கவில்லை.

எடுக்க வராத சாமி படத்தை என்ன செய்வது என்பது இன்னும் கடினம். தூக்கிப் போட முடியாது. கண்ணாடி உடைந்த பழைய சாமி படங்களை ஊரார் அரசமரத்தடியில் சாத்திவிட்டுப் போவது உண்டு. சிலர் அவ்வளவு தூரம் நடப்பானேன் என்று பிரேம் கடை வாசலிலேயே சாத்திவிடுகிறார்கள். இவ்வாறு கடைக்குள் வரும் தெய்வங்கள், வெளியே போகும் தெய்வங்களைவிட அதிகமோ என்று சந்தேகப்பட இடமிருக்கிறது.

எம் கருதுகோளுக்கு ஒரே விதிவிலக்கு துக்க வீடு. அங்கே அவசரமாகக் கொடுக்கிறார்கள், அவசரமாகவே வந்து எடுக்கிறார்கள். பேரம் இல்லை. பெருமாளுக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்பவர்கள் பெரியப்பாவுக்குக் குறைக்கச் சொல்வதில்லை. சிக்கல் எல்லாம் படத்தில்தான். எண்பது வருடம் வாழ்ந்த மனிதருக்குத் தனியாக ஒரு போட்டோ இருக்காது. ஆதார் அட்டை முகத்தைப் பெரிதாக்கினால் அவருக்கே அவரை அடையாளம் தெரியாது. ஆகவே ஏதோ கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுப்பார்கள். எடுத்த முகத்தோடு, தோளில் வேறு யாரோ ஒருவருடைய நான்கு விரலும் வந்து சேரும். படத்தைச் சுற்றி வைக்கும் மௌண்ட் அட்டையை அரை அங்குலம் உள்ளே இழுத்து விரலை மறைப்பது தொழில் நுணுக்கம். அப்படி மறைக்கப் போனபோது ஓர் அம்மாள், “அது இருக்கட்டும்ண்ணா, அது எங்க அக்கா கை” என்று தடுத்ததைக் களக்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறோம். எந்த வகைப்பாட்டில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

மௌண்ட் என்பது கடைக்காரருக்கும் ஊருக்கும் நெடுநாள் போர். படத்தைச் சுற்றி இரண்டு அங்குலம் வெள்ளை அட்டை விட்டால், “வெறும் வெள்ளைக்கு எதுக்கு சார் காசு? படத்தைப் பெருசாக்குங்க” என்கிறார்கள். அந்த வெள்ளையின் வேலை வேறு. பழைய போட்டோவின் மேற்பூச்சு ஜெலட்டின். ஏரியும் கடலும் பக்கத்தில் இருக்கிற ஊரில், ஈரக்காற்றில் அது நெகிழ்ந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் மாப்பிள்ளை காகிதத்தில், அவருடைய மூக்கு கண்ணாடியில். மௌண்ட் தரும் நூல் அளவு இடைவெளிதான் மூக்கைக் காப்பாற்றுகிறது. ஒட்டியது ஒட்டிவிட்டால் பிரிக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்துப் புதுப் பிரதி போடுவதே பாதுகாப்பான வழி.

காளஹஸ்தியிலிருந்து வரும் கலம்காரிக்கு இதைவிடப் பக்குவம் வேண்டும். கடுக்காயும் பாலும் ஊறிய துணியில், மூங்கில் எழுதுகோலால், துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுத்த கறுப்பால் கோடு போட்டு, பலமுறை அலசிக் காயவைத்த பொருள் அது. அவ்வளவையும் செய்து முடித்த ராமாயணத்தைச் சுருட்டிக் கொண்டுவந்து, “பின்னாடி ஃபெவிகால் போட்டு அழுத்திடுங்க” என்கிறார்கள். பசை துணியில் ஊறி முன்பக்கம் திட்டாகத் தெரியும். ஒட்டியதை மறுபடி எடுக்கவும் முடியாது. துணி போர்த்திய அட்டையில் ஓரம் பிடித்துத் தைக்க வேண்டும். தைக்க இரண்டு நாள் ஆகும் என்றால், “இவ்ளோ நாளா?” என்பார்கள். அப்படிக் கேட்டவருடைய ராமாயணம் கடையில் வனவாசத்தைத் தொடர்கிறது.

பழைய பிரேமைப் பிரித்து மாற்றச் சொல்லி வருவதும் உண்டு. கீழடிக்குப் போக வசதியில்லாத ஆய்வாளருக்கு இது பெருவாய்ப்பு. முதல் அடுக்கில் துருப்பிடித்த ஆணி. அடுத்தது கரையான் பாதி தின்ற பலகை. அதற்குக் கீழே, அட்டைக்குப் பதிலாகப் போட்ட தினசரித்தாள். தேதி அச்சாகியிருப்பதால் காலக்கணிப்புக்குக் கரிமச் சோதனை தேவையில்லை. அந்தத் தாளின் அமிலம்தான் மேலே இருந்த படத்தைப் பழுப்பாக்கியிருக்கும். தாளுக்கும் படத்துக்கும் நடுவே, எதிர்பாராத விதமாக, இன்னொரு படம். முன்பு மாட்டியிருந்த தெய்வத்தை எடுக்க மனமில்லாமல், புதுத் தெய்வத்துக்கு முட்டுக்கொடுக்க வைத்தது.

அரசு அலுவலகங்களுக்கும் இந்த வழி பொருந்தும். ஆந்திரத்தில் 2014-இல் சந்திரபாபு, 2019-இல் ஜெகன், 2024-இல் மறுபடி சந்திரபாபு. பிரேம் அதே பிரேம். முதல்வர் மட்டும் மாறுகிறார். 2019-இல் பழைய படத்தைக் கிழிக்காமல் புதியதன் பின்னாலேயே வைத்த முன்யோசனைக்காரர் யாராவது இருந்திருந்தால், 2024-இல் அவருக்குப் படச் செலவே கிடையாது. கடைக்காரர் இதை வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதில்லை.

கடைசியாகச் சட்டம். ‘வராத படங்கள்’ 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், 148-ஆம் பிரிவிலிருந்து தொடங்கும் ஒப்படைப்பு என்ற அத்தியாயத்துக்குள் வருகின்றன. 151-ஆம் பிரிவின்படி, சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே மாதிரியான தன் சொந்தப் பொருளுக்கு எவ்வளவு கவனம் காட்டுவாரோ அவ்வளவு கவனத்தைப் பிறர் பொருளுக்கும் காட்ட வேண்டும். கடைக்காரருடைய சொந்தக் கல்யாணப் படம் கடைக்குள்ளேயே, கண்ணாடித் தகடுகளுக்குப் பின்னால், பாலிதீன் கவரில், பிரேம் இல்லாமல் பல வருடமாகச் சாய்ந்திருக்கிறது. ஆகவே மற்றவர் படங்களுக்கு அவர் காட்டும் கவனம் சட்டம் கேட்பதைவிடக் கூடுதல் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படுகிறது.

170-ஆம் பிரிவு, கூலி வரும்வரை படத்தைத் தராமல் வைத்துக்கொள்ளும் உரிமையை அவருக்குத் தருகிறது. இந்த உரிமையை அவர் கேட்கவில்லை. வைத்துக்கொள்ளாமல் இருக்கும் உரிமையைத்தான் தேடுகிறார். விற்கும் உரிமை அந்தப் பிரிவில் இல்லை. விசித்திரம் என்னவென்றால், தெருவில் கிடந்த பொருளைக் கண்டெடுத்தவருக்கு, அவருடைய செலவு பொருளின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டினால், 169-ஆம் பிரிவு விற்க வழிவிடுகிறது. எனவே வாடிக்கையாளர்கள் படத்தைக் கையில் கொடுக்காமல் கடை வாசலில் தவறவிட்டுப் போவதே தொழிலுக்கு நல்லது என்று பரிந்துரைக்கிறோம். அப்போதும் ஒரு கேள்வி நிற்கும்: ஊரார் வீட்டுக் காதுகுத்தல் படத்தை யார் வாங்குவது?

152-ஆம் பிரிவு, தனி ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், தகுந்த கவனம் காட்டியவர் சேதத்துக்குப் பொறுப்பாக மாட்டார் என்கிறது. இதை நம்பாமல் கடைக்காரர் தாமாகவே ஓர் அறிவிப்பு எழுதி, நல்ல மோல்டிங்கில் கண்ணாடியும் போட்டு, சுவரில் தாழ்வாக மாட்டியிருக்கிறார். மேலே தெலுங்கு, கீழே தமிழ். முப்பது நாளுக்குள் எடுக்கப்படாத படங்களுக்கு நிர்வாகம் பொறுப்பு அல்ல என்று எழுதியிருக்கிறது. இடம் போதாமல் ‘அல்ல’ கடைசி வரிக்குத் தனியாக இறங்கிவிட்டது. அதன் முன்னால்தான் எடுக்க வராத படங்களை அடுக்குகிறார்கள். யாம் போயிருந்தபோது அடுக்கு சரியாக அந்தக் கடைசி வரி வரை வந்திருந்தது. இப்போது சுவரில் இருப்பது 152-ஆம் பிரிவு சொல்லும் தனி ஒப்பந்தம்தானா என்று வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்கலாம் என்றோம். “அந்த லாயர் சார் படமும் அதுலதான் சார் இருக்கு” என்றார் கடைக்காரர்.