கார்டு வைத்திருக்கும் சார்

சொந்தக் காசில் டீ வாங்கித் தரவேண்டி வந்தால் சேல்ஸ் மேனேஜர் சாருக்கு உடனே ஒரு போன் வந்துவிடும். கம்பெனி கார்டு கையில் இருக்கும் நாளில் அவரே வேறு ஆள். "சும்மா இருங்க சார், நான் பார்த்துக்கறேன்" என்று பில் வருமுன்பே எழுந்து நிற்பார். பக்கத்து மேஜைக்காரர்கள் தப்பிப்பதே பெரும்பாடு.

செலவு பிடிக்கும், பில்தான் பிடிக்காது. ஒன்று தொலையும், இல்லையென்றால் பேன்ட்டோடு துவைபடும், அதற்கும் தப்பினால் வெளுத்துவிடும். வெளுப்பதில் பொய்யில்லை. ஓட்டல் பில் தெர்மல் தாள், பர்ஸில் சில மாதம் கிடந்தால் எழுத்து மங்கத்தான் செய்யும். அன்றைக்கே போட்டோ அனுப்பச் சொல்லி சர்க்குலர் வந்தது. அனுப்புகிறார். போட்டோவில் அவருடைய கட்டைவிரல் பளிச்சென்று தெரிகிறது, தொகை விரலுக்கு அடியில்.

இவருக்கென்றே அக்கவுண்ட்ஸில் ஒரு மேடம். குரல் உயராது. "டோனர் வாங்கின பில்லுல நம்ம ஜிஎஸ்டி நம்பர் இல்லையே சார்?" 33-இல் தொடங்கும் அந்த 15 இலக்கம் இல்லாவிட்டால் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. மச்சினி கல்யாணத் தேதி முதல் எல்லாம் நினைவிருக்கும் சாருக்கு அது மட்டும் ஏறவில்லை.

கார்டு தேய்க்கும் கடை ஒவ்வொன்றுக்கும் நாலு இலக்கத்தில் ஒரு ரகக் குறி உண்டு. 5812 சாப்பாட்டுக்கடை, 5813 பார், 5944 நகைக்கடை. 'கிளையன்ட் மீட்டிங்' என்று சார் எழுதிக்கொடுத்த ஞாயிறு ராத்திரி, வங்கிக் கணக்கில் 5813 என்று நிற்கும். மேடம் வங்கியிடம் சொல்லி அந்த ரகத்தையே அடைத்தார். சார் அசரவில்லை. ஓட்டலில் ரூம் போட்டு, வேண்டியதை ரூம் கணக்கில் எழுதச் சொன்னார்.

மேடம் ரூம் பில்லை வரிவரியாகக் கேட்டு வாங்கினார்.

"சார், லைம் ஜூஸுன்னு எழுதியிருக்கீங்க. எல்லாத்துக்கும் ஜிஎஸ்டி போட்டவன் இதுக்கு மட்டும் வாட் போட்டிருக்கானே?"

மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதை சார் அன்றுதான் அறிந்தார்.

கார்டைப் பிடுங்கிவிடலாம் என்று நினைக்கும் முதலாளிகளே, அவசரப்படாதீர்கள். பிடுங்கினால் ரொக்கமாகச் செலவழித்து வவுச்சர் எழுதுவார். அதற்கு ஸ்டேட்மென்ட்கூடக் கிடையாது. கார்டு அவரிடமே இருக்கட்டும். மேடத்துக்குச் சம்பளத்தைக் கூட்டுங்கள்.