எப்ப ஆஃப் ஆகுது?

2003-இல் மதுரையில் எங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. சென்னை ரிச்சி தெருவில் தனித்தனி உதிரிபாகமாக வாங்கி அசெம்பிள் செய்த பென்டியம் 4. அப்பா பி.எஃப்.-இல் கடன் எடுத்து வாங்கினார். அம்மா பழைய திரைச்சீலையை வெட்டி மானிட்டருக்கும் கேபினெட்டுக்கும் உறை தைத்தார்.

ஆகஸ்டில் அது தானாக அணையத் தொடங்கியது. திரையில் ஒரு பெட்டி தோன்றும்; 60 நொடியிலிருந்து எண் இறங்கிக்கொண்டே வரும். சர்வீஸ் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“எப்ப ஆஃப் ஆகுது, தம்பி?”

“நெட் கனெக்ட் பண்ணினா மட்டும், அண்ணே.”

“அப்ப மெஷின்ல கோளாறு இல்ல. வைரஸ்.”

அந்த மாதம் உலகம் முழுக்கப் பரவிய பிளாஸ்டர் அது. எந்த ஃபைலையும் திறக்க வேண்டியதில்லை. இணையத்தில் இருந்தாலே உள்ளே வந்துவிடும். அன்றைய விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தும், வாங்கும்போது அது இயக்கத்தில் இருக்காது. ரன் பெட்டியில் ‘ஷட்டவுன் மைனஸ் ஏ’ அடித்தால் எண் இறங்குவது நிற்கும் என்று போனிலேயே சொல்லிக் கொடுத்தார். மறுநாள் சிடியில் பேட்ச் கொண்டுவந்து போட்டார்.

அடுத்த ஆண்டு சித்திரை வெயிலில் மறுபடியும் அணைந்தது. இந்த முறை பெட்டியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை, பட்டென்று போனது. அக்கா புராஜெக்டுக்காக அடித்திருந்த ஆறு பக்கமும் கூடவே போயின. அக்கா அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. பக்கத்துக் கடையில், “மதர்போர்டு போயிருச்சு, மாத்தணும்” என்றார்கள். கடன் தவணையே முடியாத அப்பாவின் முகம் வாடியது.

அண்ணன் வந்தார். அதே கேள்வி. “ஆன் பண்ணி இருபது நிமிஷத்துல” என்றாள் அக்கா. “அணைஞ்ச உடனே திரும்பப் போட்டா?” “அஞ்சு நிமிஷம்கூட நிக்கல.”

அதில் பாதி விடை கிடைத்ததுபோல் தலையசைத்தார். டிலீட் கீயை அழுத்தி பயாஸுக்குள் போய், வெப்பநிலை காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். 58, 64, 71 என்று எண் ஏறியது. 85 தொட்டதும் இருட்டு. சூடு எல்லை மீறினால் பிராசஸர் கருகாமல் காக்க போர்டே மின்சாரத்தை வெட்டிவிடும் என்று அன்றுதான் தெரிந்தது. எங்களைப் படுத்துகிறது என்று நினைத்த மெஷின் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

பக்கத் தகட்டைக் கழற்றினார். ஹீட்சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு இடையே தூசி கம்பளிபோல் படிந்து, விசிறிக் காற்று கீழே இறங்க வழியே இல்லை. பெயின்ட் பிரஷால் தட்டி எடுத்தார். பிராசஸர் மேல் இருந்த பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. துடைத்துவிட்டு, புதிதாகப் பட்டாணி அளவு வைத்தார். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினார். கெப்பாசிட்டர் ஒவ்வொன்றின் தலையையும் விரலால் தடவி, ஏதாவது உப்பியிருக்கிறதா என்று பார்த்தார். கடைசியில் அம்மாவிடம், “ஓடி முடிச்சு ஆறின பிறகு உறையைப் போடுங்கம்மா” என்றார். மதர்போர்டு மாற்றாமலேயே மெஷின் இன்னும் ஐந்து வருடம் ஓடியது.

இப்போது என் மகள் லேப்டாப்பில் படிக்கிறாள். போன மாதம் அது அணையத் தொடங்கியது. அன்று நாங்கள் கேபினெட்டைத் திறந்து பார்த்ததுபோல் இதைத் திறக்க முடியவில்லை. ரேம்கூடப் போர்டிலேயே பற்றவைத்தது. ஆனால் இந்த மெஷின் நாட்குறிப்பு எழுதுகிறது. ஈவென்ட் வியூவரைத் திறந்தால், அணைந்த ஒவ்வொரு முறைக்கும் ‘கெர்னல் பவர் 41’ என்று ஒரு வரி. முறைப்படி அணையாமல் நின்றுபோனது என்பதுதான் அதன் பொருள். ஏன் என்பது அதில் இல்லை. சர்வீஸ் சென்டரில் போனிலேயே சொல்லிவிட்டார்கள்: “மதர்போர்டு.”

மகளிடம் ஒரு தாள் கொடுத்து, அணையும்போதெல்லாம் நேரம், சார்ஜ் அளவு, சார்ஜர் மாட்டியிருந்ததா என்று மூன்றையும் குறிக்கச் சொன்னேன். நான்கே நாளில் தாள் பேசியது. ஆறு முறையும் சார்ஜர் இல்லாதபோது. ஆறு முறையும் முப்பது சதவீதத்துக்குப் பக்கத்தில். விண்டோஸே தரும் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்தோம். புதிதில் 41,000 மில்லிவாட் மணி இருந்த கொள்ளளவு 17,000-க்கு இறங்கியிருந்தது. கிழடாகிப்போன செல்லில் வேலைப்பளு ஏறும்போது வோல்டேஜ் சட்டென்று சரியும். திரையில் முப்பது என்று காட்டினாலும், மெஷினுக்குப் போதிய மின்சாரம் கிடைக்காது. பேட்டரி மட்டும் மாற்றினோம். சரியாகிவிட்டது.

மெஷின்கள் மாறிவிட்டன. சூடு, மின்சாரம், நினைவகம், வைரஸ் என்று காரணங்கள் பெரும்பாலும் அந்த நாலைந்துக்குள்தான் இருக்கின்றன. எது என்பதைச் சொல்வது அது அணையும் வேளை. அதைக் கேட்காமலே போர்டை மாற்றச் சொல்கிறவர்களிடம் எத்தனை வீட்டுப் பணம் போகிறது என்று நினைத்தால் மனசு வலிக்கிறது.

அண்ணன் இப்போது சிசிடிவி மாட்டுகிறார். நன்றி சொல்லக் கூப்பிட்டேன். “பொண்ணு லேப்டாப் தானா ஆஃப் ஆச்சு, அண்ணே...” என்று தொடங்கினேன். முடிக்கவிடவில்லை.

“சார்ஜர் இருந்தப்பவா, இல்லாதப்பவா, தம்பி?”