பொக்கற் இல்லாப் பிறவி

மகளைத் தரம் ஆறில் சேர்த்த அன்று ஒரு தாள் தந்தார்கள். கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம், பிள்ளை இன்னும் சில வருசம் அங்கே படிக்க வேண்டும். தாளின் தலைப்பு ‘மாணவர் ஒழுக்க விதிகள்’. ஆண் பிள்ளைகளின் உடைபற்றி இரண்டே வரி. சேர்ட் காற்சட்டைக்குள் விடப்பட்டிருக்க வேண்டும், தலைமயிர் கட்டையாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான், பெடியள் ஒழுக்கமாகிவிட்டார்கள். மிச்சப் பக்கம் முழுவதும் பெண் பிள்ளைகளுக்கு. சட்டை முழங்காலுக்குக் கீழே எத்தனை அங்குலம், இடுப்பில் எத்தனை மடிப்பு, இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டும் ரிபன் என்ன நிறம், அந்த ரிபன் எவ்வளவு அகலம், தோடு எந்த அளவு, மேசு எந்த உயரம், பொட்டு, நகம், காப்பு, கால்சங்கிலி. எங்கள் காணி உறுதியில்கூட எல்லைகள் இவ்வளவு துல்லியமாக இல்லை. சட்டைக்குள்ளே போடும் பெற்றிக்கோட் பற்றியும் ஒரு வரி இருந்தது. அதை யார், எப்படிப் பரிசோதிப்பார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். இவர், என் கணவர், பேனையை என் கையில் திணித்து, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்.

சீருடையே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். வீட்டில் இரண்டு நல்ல சட்டை இருக்கிற பிள்ளையும் இருபது இருக்கிற பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிற நாட்டில் சீருடை பெரிய நிம்மதி. 1945 இல் கன்னங்கரா இலவசக் கல்வியைத் தந்தார், 1980 இல் பாடநூல்கள் இலவசமாக வந்தன, 1993 இல் பிரேமதாச சீருடைத் துணியையும் இலவசமாக்கினார். இடையில் சில வருசம் துணிக்குப் பதிலாக வவுச்சர் தந்து பார்த்தார்கள், பிறகு திரும்பவும் துணிக்கே வந்தார்கள். 2025 இல் நாட்டுக்குத் தேவையான துணி முழுவதும் சீனாவின் அன்பளிப்பு. ஆகவே என் மகள் தினமும் காலையில் சர்வதேச உறவை உடுத்திக்கொண்டுதான் சைக்கிளில் ஏறுகிறாள்.

துணிதான் இலவசம். தையல்கூலி, ரை, ரிபன், மேசு, பெற்றிக்கோட், சப்பாத்து எல்லாம் எங்கள் தலையில். சிறிய பள்ளிக்கூடங்களில் படிக்கிற பிள்ளைகளுக்குச் சப்பாத்துக்கு 3,000 ரூபா வவுச்சர் கொடுத்தார்கள், அது நல்ல காரியம். பெடியனின் சேர்ட்டை எந்தத் தையல்காரரும் கெதியில் முடிப்பார். மடிப்பு வைத்த சட்டைக்குத் துணியும் கூட, நேரமும் கூட, கூலியும் கூட. பிறகு அந்த மடிப்பு ஒவ்வொன்றையும் தினம் அயன் பண்ணுவது யார்? விதித் தாளில் அந்த வரியை மட்டும் காணவில்லை.

வெள்ளை நிறத்தைத் தெரிவுசெய்த பெருமகன் யாராக இருந்தாலும் அவர் வன்னிக்கு வந்ததில்லை என்று சத்தியம் செய்வேன். ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் கிரவல். கோடையில் செம்புழுதி, மாரியில் சேறு. வட்டக்கச்சியிலிருந்தோ அக்கராயனிலிருந்தோ சைக்கிளில் வரும் பிள்ளையை மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று கடந்துபோனால், வெள்ளையில் புறப்பட்டவள் காவியில் வந்து சேருவாள். பள்ளிக்கூட வாசலில் மாணவத் தலைவி நிற்பாள், கையில் கொப்பியும் பேனையுமாக. “சட்டை ஊத்தை” என்று எழுதுவாள். டிப்பரின் இலக்கத்தை யாரும் எழுதுவதில்லை.

வெள்ளையில் ஏழை பணக்காரர் வித்தியாசம் தெரியாது என்பார்கள். கொடியைப் பாருங்கள், தெரியும். புதுவெள்ளை, நீலம் கூடிய வெள்ளை, கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக்கிய வெள்ளை, அக்கா போட்டுத் தங்கச்சிக்கு வந்த வெள்ளை என்று ஒரு வீட்டுப் பொருளாதாரம் முழுக்க அதில் தொங்கும்.

நாங்கள் படித்த தொண்ணூறுகள் இதைவிட மோசம், ஆனால் பகிடியும் கூட. பொருளாதாரத் தடையில் சவர்க்காரம் கண்ணில் காட்டக் கிடைக்காது. பனம்பழத்தைப் பிழிந்து, அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தோம். ஊத்தை போகும், உண்மைதான். வாசம் போகாது. கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையைத் தேடி அயலிலுள்ள மாடெல்லாம் வரும். சட்டை காயும்வரை தடியோடு காவலிருப்பது வீட்டில் ஒருவருக்கு முழுநேர வேலை. எனக்கு ஒருநாள் வலதுகை இல்லாத சட்டைதான் மிஞ்சியது. வகுப்பில் காரணம் கேட்டார்கள், “மாடு திண்டிட்டுது ரீச்சர்” என்றேன். ரீச்சர் நம்பினா, ஏனென்றால் அவவின் சேலைத் தலைப்புக்கும் அதே கதி நடந்திருந்தது.

மின்சாரம் இல்லை. சிரட்டைக் கரி போடும் ஸ்திரிக்கைப்பெட்டி அயலில் ஒரு வீட்டில் மட்டும் இருந்தது. மற்ற எல்லோரும் இரவில் சட்டையை மடிப்பு மடிப்பாக நீவி, பாய்க்குக் கீழே வைத்து, அதன்மேல் அசையாமல் படுத்தோம். புரண்டு படுத்தால் மடிப்புக் குலையும், காலையில் அடி விழும். 1996 இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் போய், மரத்தடியில் வகுப்பு நடந்தபோதும் இந்தப் படுக்கை ஒழுக்கம் மாறவில்லை. கூரை இல்லாத பள்ளிக்கூடத்தில் மடிப்பு மட்டும் நேராக நின்றது. 2009 இல் மெனிக் பாம் முகாமில்தான் முதன்முதலாக மடிப்பு தோற்றது. அங்கே தரப்பாளுக்குக் கீழே பிள்ளைகள் கிடைத்த உடுப்போடு படித்தார்கள், சோதனையும் எழுதினார்கள். பூப்போட்ட சட்டையோடு போட்ட கணக்குக்கும் விடை சரியாகத்தான் வந்தது.

இப்போது சோளகக் காற்றுக்கு வருவோம். வைகாசி பிறந்தால் வயல்வெளி வீதியில் அது எதிர்த்து அடிக்கும், சில இடத்தில் பக்கவாட்டில் அடிக்கும். பெடியள் இரண்டு கையையும் ஹாண்டிலில் வைத்து ஓடுவார்கள், சிலர் இரண்டு கையையும் விட்டும் ஓடுவார்கள். என் மகள் இடக்கையால் ஹாண்டிலையும் வலக்கையால் சட்டையையும் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். ஆகவே அவளுக்கு எப்போதும் ஒரு பிரேக்தான். எதிரே டிப்பர் வந்தால் ஒரு நொடி யோசிக்க வேண்டும்: மானமா, பிரேக்கா? இது போதாதென்று மடிப்பு சங்கிலிக்குள் போகும். கறுப்புக் கிறீஸ் பட்ட வெள்ளை வாழ்நாள் முழுக்கக் கறுப்புத்தான். சட்டைக்குள்ளே கட்டைக் காற்சட்டை போட்டு அனுப்புகிறேன், ஓரத்தை ஊசி குத்தி அனுப்புகிறேன். ஊசியை வாசலில் கழற்ற வேண்டும், விதி அப்படி.

காற்சட்டை போட விட்டால் இத்தனை பாடும் ஏன்? யுத்த காலத்தில் இந்த ஊர் வீதிகளில் பெண்கள் நீளக்காற்சட்டை போட்டு மோட்டார் சைக்கிளும் லொறியும் ஓடியதை எல்லோரும் கண்டிருக்கிறோம். அதைப்பற்றி அதிகம் எழுதாதே என்கிறார் இவர். சரி, விடுவோம். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் முஸ்லிம் பிள்ளைகள் நீளக்காற்சட்டையும் நீளச்சட்டையுமாக அதே வெள்ளையில் பள்ளிக்கூடம் போகிறார்கள். அதற்கும் அரசாங்கம்தான் துணி கொடுக்கிறது. ஆகவே பெண் பிள்ளையின் காலில் வெள்ளைக் காற்சட்டை ஏறினால் அரசியலமைப்பு முறிந்துவிடாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பாவாடை தாவணி போய்ச் சுடிதார் வந்து எத்தனையோ காலம். கேரளாவில் கோழிக்கோட்டுப் பக்கம் பாலுசேரி அரசு மகளிர் மேனிலைப் பள்ளியில் 2021 டிசம்பரில் சேர்ட்டும் காற்சட்டையும் சீருடையானது. வெளியே சிலர் ஆர்ப்பாட்டம் செய்தார்கள், உள்ளே பிள்ளைகள் பொக்கற்றுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்காவும் இதில் மகா முன்னேற்றம் என்று எண்ண வேண்டாம். வட கரோலினாவில் ஒரு பள்ளிக்கூடம் பெண் பிள்ளைகளுக்குப் பாவாடைதான் என்று அடம்பிடித்தது. பெண் என்பவள் ஆண்கள் பக்குவமாகப் பார்க்க வேண்டிய மென்மையான பாத்திரம் என்பது பள்ளியை நிறுவியவர் சொன்ன காரணம். வழக்கு வருசக்கணக்காக இழுபட்டு, 2022 இல்தான் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. கிளிநொச்சியில் தினமும் குடம் தூக்குகிற, விறகு கொத்துகிற பாத்திரங்களை அந்த மனிதருக்கு யாராவது காட்டியிருக்க வேண்டும்.

துணிவு வந்து, பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்டேன். ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் எழும்பினார். “பொம்பிளைப் பிள்ளையள் காற்சட்டை போட்டா எங்கட கலாசாரம் என்னத்துக்காகும் தங்கச்சி?” என்றார். கனடாவில் பேத்தி ஜீன்ஸோடு பனிக்குள் நிற்கும் படத்தைக் கூட்டம் தொடங்க முன்னர்தான் எனக்குக் காட்டிப் பெருமைப்பட்டிருந்தார். பனிக்குள் கலாசாரம் உறைந்து பத்திரமாக இருக்கும் போலும். மடிப்புச் சட்டையும் கழுத்தில் ரையும் எங்கள் கலாசாரத்தில் எப்போது சேர்ந்தன என்று நான் கேட்கவில்லை. மிஷன்காரரின் கவுனையும் இங்கிலாந்துக் கழுத்துப்பட்டியையும் நாங்கள் சைவ ஒழுக்கமாக்கி வைத்திருப்பதை ஆறுமுக நாவலர் வந்து கண்டால், முதலில் ரையைத்தான் பிடித்து இழுப்பார்.

பதில் பின்வரிசையிலிருந்து வந்தது. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்கு எங்கள் பகுதிப் பெண்கள் நிறையப் பேர் போகிறார்கள். அப்படிப் போகிற ஒரு தாய் எழும்பி, “நான் நாள் முழுக்கக் காற்சட்டையோடதான் குந்தியிருக்கிறன் ஐயா. கலாசாரத்துக்கு ஒண்டும் நடக்கேல்லை. கால் ரெண்டும் கூட இருக்கு” என்றா.

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. அதிபர் தொண்டையைச் செருமி, இதை ஆராய உபகுழு ஒன்று அமைக்கலாம் என்றார். அமைத்தார்கள். மூன்று பேர், மூன்று பேரும் ஆண்கள். மேடையில் வரிசையாக நின்றபோது எண்ணினேன். சேர்ட்டில் ஒன்று, காற்சட்டையில் பக்கத்துக்கு ஒன்று, பின்னால் ஒன்று என்று மூவருக்குமாகப் பன்னிரண்டு பொக்கற். உபகுழு இன்னும் ஆராய்கிறது.

பள்ளிக்கூடத்து ரீச்சர்மாரும் வாய்திறக்கவில்லை, அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. 2022 இல், பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த அதே வருசம், நவம்பரில் சில ஆசிரியைகள் சேலையை விட்டு வசதியான உடுப்போடு பாடசாலைக்குப் போய்ப் படம் போட்டார்கள். நாடு இரண்டுபட்டது. கல்வி அமைச்சு சேலைதான் என்று முடித்துவிட்டது. ஆறு யார் சேலையில் சைக்கிள் ஓடுகிறவவிடம் போய்ப் பிள்ளைக்குக் காற்சட்டை வாங்கித் தாருங்கள் என்று எப்படிக் கேட்பது?

காற்சட்டை கிடக்கட்டும், பொக்கற்றாவது தரலாமே என்பதுதான் இப்போது என் கட்சி. பெண் பிள்ளையின் சட்டையில் பொக்கற் இல்லை. பஸ் காசைக் கைக்குள் பொத்திக்கொண்டு போகிறாள். லேஞ்சியை இடுப்புப் பட்டிக்குள் செருகுகிறாள். மாதத்தில் அந்த நாட்கள் வந்தால்தான் வெள்ளையும் பொக்கற் இல்லாமையும் கூட்டுச் சேர்ந்து நிற்கும். வகுப்பிலிருந்து எழும்பும் ஒவ்வொரு பிள்ளையும் பின்னால் இருப்பவளிடம் “என்ர சட்டையைப் பார்” என்று கண்ணால் கேட்பாள். பின்னால் இருப்பவள் கண்ணால் பதில் சொல்வாள். கழிவறை மைதானத்துக்கு அப்பால். நப்கினைக் கொப்பிக்குள் வைத்து எடுத்துப்போக வேண்டும். இடைவேளையில் கணக்குக் கொப்பியோடு கழிவறைக்குப் போகும் பிள்ளையைப் பார்த்து, எவ்வளவு படிப்பார்வம் என்று ஒரு சேர் பாராட்டினாராம். 2024 இல் வசதி குறைந்த பாடசாலைகளின் பெண் பிள்ளைகளுக்கு அரசாங்கம் நப்கின் வாங்க 1,200 ரூபா வவுச்சர் கொடுத்தது. அந்தத் திட்டத்தை யோசித்தவருக்குக் கோயிலில் அர்ச்சனை செய்யலாம். வாங்கிய பொருளை வைக்க இரண்டங்குலத் துணியும் தந்திருந்தால் அபிஷேகமே செய்யலாம்.

எங்கள் ஒழுங்கையில் தையல்கார அக்கா ஒருவ இருக்கிறா. யுத்தம் முடிந்த பிறகு கிளிநொச்சிக்கு ஆடைத் தொழிற்சாலைகள் வந்தபோது, முன்பின் தெரியாத நாட்டு மனிதர்களின் காற்சட்டைகளுக்குப் பொக்கற் தைத்துக் கை பழகியவ. இந்தத் தவணைக்கு மகளின் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்து, விசயத்தையும் காதோடு சொன்னேன். அக்கா மடிப்பை விரித்துப் பார்த்தா, திருப்பிப் பார்த்தா. “இவ்வளவு துணி மடிஞ்சு சும்மாதானே கிடக்கு. மூண்டாவது மடிப்புக்குள்ள வைச்சா கடவுளுக்கும் தெரியாது” என்றா. கூலி ஐம்பது ரூபா கூட.

விதித் தாளை எடுத்துத் திரும்பவும் வாசித்தேன். அங்குலம், அகலம், உயரம் எல்லாம் இருக்கிறது. பொக்கற் வைக்கக்கூடாது என்று ஓரிடத்திலும் இல்லை. வைப்பார்கள் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. முதல்நாள் பள்ளிக்கூடம் போய்வந்த மகளிடம் அதற்குள் என்ன வைத்திருந்தாய் என்று கேட்டேன். ஒன்றும் வைக்கவில்லையாம், கையை மட்டும் அடிக்கடி விட்டுப் பார்த்தாளாம்.

போன கிழமை சட்டைக்குப் பொத்தான் தைக்கப் போனபோது அக்காவின் மெசினுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி குவிந்து கிடந்தது. எல்லாவற்றுக்கும் மூன்றாவது மடிப்புத்தானாம். “யாருக்கக்கா இவ்வளவும்?” என்றேன்.

“வாசலில கொப்பியோட நிக்கிற பிள்ளையளுக்கு” என்றா.